பிரேக்கில் காற்று புகுந்த விதம்

எங்கள் வீட்டுக் காரின் பிரேக் பெடல் மெத்தென்று ஆனது, அக்காவைக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட வேண்டிய வாரத்தில். அப்பா வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர், உலகச் சண்டை முடிந்து சொந்த ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போன கிழட்டு வண்டி அது. பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். வண்டி சாந்தோமில் எங்கள் வாசலில் பவிசாக நின்றுகொண்டிருக்கும். நாங்கள் அதைத் தாண்டி லஸ் வரைக்கும் நடந்துபோய் டிராம் ஏறுவோம்.

மடம் பரங்கிமலைப் பக்கம், ஒரு சரிவின் மேலே இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களை அங்கே வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் பெரியம்மாக்கள் சும்மா இருப்பார்களா, மாப்பிள்ளை என்று யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிடுவார்கள். அக்காவுக்கு அந்தப் பயம்தான். அப்பா பங்குச் சாமியாரிடம், "கடவுள் கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். எட்டு வயதில் நான் அதை அப்படியே நம்பினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "பெடல் மெத்துன்னு இருக்கு" என்றார். ரயிலில் போய்விடலாமே என்றாள் அம்மா. என் மகளை என் வண்டியில் நான்தான் கொண்டுபோய் விடுவேன், பிரேக் இல்லாமல் அந்தச் சரிவில் எப்படி இறங்குவது என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார்.

உடனே சித்தப்பாவுக்கு ஆள் போயிற்று. டிராம் ஷெட்டில் வேலை அவருக்கு. சக்கரம் வைத்த எதையும் தன்னால் குணப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை உண்டு. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து பெடலை மிதித்தார். அது பாதிக்குமேல் அமுங்கியது. மறுபடி மறுபடி மிதித்ததும் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. பக்கத்தில் நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "மிதிச்சுப் புட்சுக்கினே இருந்தா மெதுவா எறங்குதுன்னு வச்சுக்க, எங்கியோ ஒழுவுது. மிதிக்க மிதிக்க ஏறுதுன்னா உள்ள காத்து கீது" என்றார். பூசைக்கு மனப்பாடம் பண்ணிய ஜெபம்கூட எனக்கு அவ்வளவு சுலபமாக மனசில் ஏறியதில்லை.

அன்றைக்கே காற்றை எடுத்தார்கள். அப்பா மிதிக்க, சித்தப்பா சக்கரத்தின் உள்பக்கம் இருந்த, காற்றை வெளியே விடுகிற சின்ன நிப்பிளைத் திறந்து மூட, பெடல் கெட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மறுபடியும் மெத்தென்று இருந்தது. சித்தப்பாவுக்கு மானம் போய்விட்டது. "இன்னாண்ணா இது, நேத்து கல்லு மாரி வச்சுட்டுப் போனேனே" என்று தலையைச் சொறிந்தார். ரப்பர் வாஷரைச் சந்தேகப்பட்டார், குழாயைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடி காற்றை எடுத்தார். ராத்திரிக்கு நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழைய பேப்பரை விரித்து வைத்தார். எந்தப் பேப்பரில் பிரேக் எண்ணெய் சொட்டியிருக்கிறதோ அங்கேதான் கோளாறு, காலையில் பார்த்துச் சொல்லு என்று அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலைப் பூசைக்கு மணி அடித்ததுமே எழுந்து ஓடினேன். எனக்கு முன்னால் அப்பா அங்கே இருந்தார். பின்சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு, கையில் ஸ்பேனரோடு.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. இந்த ஒரு விஷயத்தில் அவர் ரொம்பக் கெட்டி. அந்த வாரம் முழுக்க அவர் பெடல் மெத்தென்று இருக்கிறது என்றாரே தவிர, தானாகக் கெட்டுப்போயிற்று என்று யாரிடமும் சொல்லவில்லை.

"இதைத் திறந்துவிட்டா என்ன ஆகும்ப்பா?"

"பெடலை அமுக்கி எடுக்கும்போது காத்து உள்ள போயிடும் பாப்பா."

"போனா?"

"பெடல் மெத்துன்னு ஆயிடும்."

எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் தெரியுமா. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது, அதனால்தான் கால் உள்ளே போகிறது. உள்ளே ஓடி, டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அப்பா எப்படித் திறந்தார், எப்படி மூடினார் என்பதையும் சேர்த்துத்தான்.

அக்கா கையில் இருந்த புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "எந்தப் பக்கத்துச் சக்கரம்?" என்று மட்டும் கேட்டாள்.

சித்தப்பா வந்து சேர்ந்ததும் அவள் வெளியே போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதற்கு முன் அவள் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அப்பா, காத்தை எடுத்துடலாம். நான் மிதிக்கிறேன், நீங்க நிப்பிளைத் திறங்க" என்றாள். அப்பா சாக்கை விரித்துக் கீழே படுத்தார். சித்தப்பா டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றார். நிப்பிளில் மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில். அதைப் பிடித்துக்கொண்டு குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை.

முதலில் குமிழி கொப்புளித்துக்கொண்டு வந்தது. "வருதுக்கா, வருது." அப்புறம் ஒன்றிரண்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது. "இல்லக்கா, சுத்தமா வரல" என்று நான்தான் முதலில் கத்தினேன். சந்தோஷம் எனக்கு.

"இன்னொரு தடவை பார்த்துடலாம்மா. மிதி" என்றார் அப்பா கீழேயிருந்து.

அக்கா மிதித்தாள். குமிழி இல்லை. இன்னும் ஒரு தடவை என்றார். அதிலும் இல்லை. எண்ணெய் வீணாகிறதே என்று சித்தப்பா வாயெடுத்தார். வாசற்படியில் நின்ற அம்மா அவரைப் பார்த்து, பேசாமல் ஊற்று என்பதுபோல் தலையை அசைத்தாள்.

மறுநாள் அந்தச் சரிவில் பிரேக் கொஞ்சமும் பிசகாமல் பிடித்தது. அப்பாதான் ஓட்டினார், அக்கா மடத்துக்குள் போனாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது சனிக்கிழமைதான். பெடல் கல்லாகிவிட்டது என்று மிதிக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா. போதும்ப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா எழுந்து வந்திருப்பார். அவள் சொல்லவில்லை. எனக்குக் குனிந்து குனிந்து கழுத்து வலித்தது. நல்லா இருக்கிற பிரேக்கை எதற்கு இப்படித் திரும்பத் திரும்பத் திறந்து மூடுகிறார்கள் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. டின்னில் எண்ணெய் தீருகிற வரைக்கும் அவர் மிதிம்மா, மிதிம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அவளும் மிதித்துக்கொண்டே இருந்தாள்.