இருதயம்மா அமுக்கும் பொத்தான்

"யாரு நீ? எங்கருந்து வர்ற?"

மவுஸிலிருந்து கையை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இருதயம்மா கேட்பது கம்பியூட்டரைத்தான். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியிருக்கிறது. தெரியாத புரோகிராம் ஒன்று இன்டர்நெட்டுக்குள் போகப் பார்க்கிறதாம். விடலாமா, தடுக்கலாமா என்று கேட்கிறது. கீழே ‘அலவ்’, ‘ப்ளொக்’ என இரண்டு பொத்தான்கள். பெட்டியை மேலும் கீழும் அளந்து, உதட்டைச் சுழித்து, ‘ப்ளொக்’கை அமுக்குகிறார். "போய்ட்டு வா ராசா."

பசறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் இடுக்கில் அவருடைய கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, லெமினேட், ஓன்லைன் விண்ணப்பம். சுற்றுத் தேயிலைத் தோட்டங்களில் பாதிப் பேருடைய பிறப்புச் சான்றிதழ் அந்த மெஷினில் ஒருமுறையாவது குப்புறப் படுத்திருக்கும். மகன் ஜெஸ்டின் கட்டாருக்குப் போகும்போது வைரஸ் காவலுக்கென்று ஏதோ ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். "தெரியாதது வந்தா அதுவே கேக்கும்மா, பாத்து அமுக்குங்க" என்றான். பயிற்சி அவ்வளவுதான். மகராசன் விமானம் ஏறிவிட்டான்.

பார்த்து அமுக்க இருதயம்மா தாமே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்தது நமுனுகுல மலைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயம் ஒன்றில். அங்கே உள்ளே வர உரிமை உள்ளவன் எவனும் கேட்டுக்கொண்டு வந்ததில்லை. துரை கேட்கவில்லை, கங்காணி கேட்கவில்லை, கூரை ஓட்டை வழியாக வந்த மழையும் கேட்கவில்லை. வாசலில் நின்று "அம்மா, வரலாங்களா?" என்று பல்லைக் காட்டியவர்கள் இரண்டே ரகம். ஒன்று, வோட்டுக் கேட்க வந்தவர்கள். மற்றது, இரண்டே மாதத்தில் கால் உடைகிற பிளாஸ்டிக் கதிரை விற்க வந்தவர்கள்.

"கேட்டு வர்றவன் கள்ளன். நம்ம ஆளுன்னா அவன்பாட்டுக்கு வருவான்ல?" என்பார்.

ஆகவே, கேட்கிற பெட்டிக்கெல்லாம் ப்ளொக். கேட்காமல் கொள்ளாமல் திரை முழுக்கச் சிவப்பாக விரிந்து கத்துகிற விளம்பரங்களுக்கோ ராஜ உபசாரம்! சும்மா சொல்லக் கூடாது, அவை அந்தக் கம்பியூட்டரில் பிள்ளை குட்டியோடு குடியிருக்கின்றன. போன வாரம் சொந்தப் பிரின்டரையே ப்ளொக் செய்துவிட்டார். மருந்துக்கடை ஷஹீலா சிரித்தபோது, "நாலு வருசமா இங்கனயே கெடக்குது, இப்ப என்னா புதுசா பெர்மிஷன்? என்னமோ உள்குத்து இருக்கு" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் புதன்கிழமை மூன்றேகாலுக்கு விதுஷா வந்து சேர்ந்தாள். கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்று நான்கு மணி கடைசி. இந்த வருடம் தவறினால் வயதெல்லை தாண்டிவிடும், பிறகு டீச்சராவது கனவிலும் நடக்காது. தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய கையோடு அப்பா இராமையாவும் கூட வந்திருந்தார். மேட்டில் பஸ் நின்றுபோனதில் ஒரு மணி நேரம் போய்விட்டதாம்.

இருதயம்மாவின் விரல்கள் பறந்தன. கடைசிப் பக்கம் வரும் நேரத்தில் மூலையில் பெட்டி எழும்பியது. யோசிக்கவேயில்லை, ப்ளொக்! மறுகணம் பக்கம் வெளுத்தது. தொடர்பு இல்லை என்றது திரை.

ரவுட்டரைத் தட்டினார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். "அந்தோனியாரே!" என்றார். ஒன்றும் அசையவில்லை.

"ஆன்டி," விதுஷா மேசைமேல் எட்டிப் பார்த்தாள், "இப்ப ப்ளொக் பண்ணுனீங்களே, அது நம்ம பாத்துக்கிட்டிருந்த ப்ரவுசர்தான். இப்பதான் அப்டேட் ஆச்சு."

"சும்மா இரு புள்ள. நம்மளோடதுன்னா எதுக்குக் கேக்குது?"

கம்பியூட்டரை அணைத்துப் போட்டார். உயிர் பெற்றபோது நான்கு மணிக்குப் பத்து நிமிடமே இருந்தது. ப்ரவுசரைத் திறந்ததும் அதே பெட்டி மறுபடியும் வந்து நின்றது. இருதயம்மா மவுஸைப் பிடித்தபடி யோசித்தார். விட்டால் திருடன் புகுந்துவிடுவானோ? விடாவிட்டால் இந்தப் பிள்ளையின் வாழ்க்கை போய்விடுமே! ஜெஸ்டினுக்கு அழைத்தால் வேலை நேரம், போன் அணைந்திருந்தது. மவுஸ் அம்பு இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே அலைந்தது.

"நா படிக்காதவன்ம்மா." இராமையா வாசலில் நின்றபடியே பேசினார். "ஆனா பாவம், அந்தப் பொட்டி நம்மள மாதிரியே நிக்குது. தோட்டத்து ஆபீஸ் வாசல்ல நானும் அப்படித்தான் நிப்பேன். வரலாங்களா, வரலாங்களான்னு. அதுக்காக நா என்ன கள்ளனா?"

இருதயம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் லீவுக்காக அதே மாதிரி ஒரு வாசலில் பாதி நாள் நின்ற தம் அப்பாவை அவர் மறந்தா போனார்? ‘அலவ்’வை அமுக்கினார்.

பக்கம் விரிந்தது. நல்ல வேளை, நிரப்பியதெல்லாம் அந்தத் தளத்தில் அப்படியே சேமிக்கப்பட்டிருந்தது. நான்குக்கு நான்கு நிமிடம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. விதுஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரசீதை அச்சிடப் பிரின்டர் மறுபடியும் அனுமதி கேட்டது. "வாப்பா, நீயும் வா" என்று அதற்கும் வழி விட்டார்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தார். தூறலில் முதுகு நனைய இராமையா இன்னும் படிக்கு வெளியேதான் நின்றிருந்தார். இருதயம்மா எழுந்து, தம்முடைய கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உள்ள வாங்கண்ணே. உக்காருங்க."

இராமையா காலைத் துடைத்துவிட்டு வந்து, கதிரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உக்காரலாங்களாம்மா?"

இருதயம்மா இரண்டு கையையும் அவருடைய ஈரத் தோளில் வைத்து அழுத்தி உட்கார வைத்தார்.