டீ ஆறிப்போன கூட்டம்

எஸ்தரைப் பற்றி இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னீர்கள். நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள். வரிசை போட்டுக்கொள்ளாமல் எழுதவும் எனக்குத் தெரியாது. சொல்லப்போவது இவை:

1. செய்தி வந்தபோது நான் செய்துகொண்டிருந்தது.
2. புது நாடகத்துக்கு மேடை கேட்டு அவர் போகும் விதம்.
3. அவர் யாருக்கும் அஞ்சாதவர் என்பது.
4. ஒரு கூட்டத்தில் நான் சொன்ன ஒரு சொல்.

செய்தி காலை ஏழு மணிக்கு வந்தது. மணிமங்கலத்தில் என் வீட்டு மேசையில் ஒரு கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெட்டப்பட்ட காட்சியைத் திரும்பச் சேர்த்து நம் நாடகத்தை முழுதாக நடத்த வேண்டும், வேறொரு விழாக்குழுவைக் கேட்போம் என்று எஸ்தர் எழுதச் சொன்ன கடிதம். மூன்று வாரமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவின் செல்வி தொலைபேசியில் அழைத்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த எஸ்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை என்றாள். "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகும் கடைசி வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்தேன், மறுபடி போட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்காக: எஸ்தர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் வேலை. வார விடுமுறையில் உடன் வேலை செய்பவர்களைச் சேர்த்து நாடகம் போடுவார். நான் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன். குழுவுக்கு விண்ணப்பம் எழுதுபவன்.

நான் எழுதும் விண்ணப்பங்களை அவர் மதித்தார், நம்பியதில்லை. "பேப்பர்ல நாடகம் தெரியாது சார்" என்பார். விழாக்குழுவின் அறைக்குள் போனதும் நாற்காலிகளை ஒதுக்கி, ஒரே ஒரு காட்சியை நடித்துக்காட்டச் செய்வார். எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார். டீ கொண்டுவருபவரைத்தான் பார்ப்பார். "அவரு டீய வைக்க மறந்து நின்னுட்டா நம்ம நாடகம் தேறிச்சு. மத்தவங்க தலையாட்டுறதெல்லாம் கணக்குல இல்ல." போகும் இடமெல்லாம் ஃபைலை என் கையில் கொடுத்துவிடுவார். வயதுக்குக் கொடுக்கும் மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

அஞ்சாதவர் என்றேன். ஒரு தொழிற்சாலையின் மேலாளர் நாடகத்தைப் பற்றிய விவரம் எதையும் கேட்காமல், ஆண்டு விழாவுக்குக் காமெடி ஏதாவது இருக்கிறதா என்றார். "இருக்கு சார். இப்ப நீங்க கேட்டீங்களே, அதையே மொத சீனா வச்சுக்கலாம்" என்றார் எஸ்தர். நான் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்த மனிதர் சிரித்துவிட்டார். மேடை மட்டும் தரவில்லை.

இனி நான்காவது. வெட்டப்பட்டது செல்வியின் காட்சி. அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை அழுத்து இயந்திரம் எடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் மூன்று விரல்களால் சீருடைச் சட்டையின் ஐந்து பொத்தான்களையும் போடுவாள். வசனம் கிடையாது. சென்னையில் விழாக்குழு அறையில் அவள் அதைச் செய்தபோது, டீ கொண்டுவந்தவர் தட்டோடு கதவருகே நின்றுவிட்டார். ஐந்தாவது பொத்தான் வரைக்கும் அவர் அசையவில்லை.

நாடகம் பிடித்திருக்கிறது என்றார் குழுவின் அமைப்பாளர். நன்கொடை தருவதே உங்கள் பக்கத்துக் கம்பெனிகள்தான், இந்தப் பொத்தான் காட்சி மட்டும் இல்லாமல் நடத்த முடியுமா என்று கேட்டார். எஸ்தர் பேசவில்லை. அவர் மறுத்துப் பேசுவார், மேடை போய்விடும் என்று பயந்தேன். அந்த மௌனத்தையும் என்னால் தாங்க முடியவில்லை. "எடுத்துவிடலாம்" என்றேன். செல்வி அப்போது பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் எஸ்தர் ஒன்றுதான் சொன்னார். "டீ ஆறிப்போச்சு, பாத்தீங்களா சார்?"

நாடகம் அந்தக் காட்சி இல்லாமல் நடந்தது. நன்றாகக் கைதட்டினார்கள். செல்வி திரைக்குப் பின்னால் பொருட்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கோழைத்தனத்தை எஸ்தர் மன்னிக்கவில்லை என்று இரண்டு வருடமாக நம்பியிருந்தேன்.

இதுவரை எழுதியதை நேற்று செல்வியிடம் படித்துக்காட்டினேன். அவள் பெயர் வருகிறதே, சம்மதம் கேட்க வேண்டுமல்லவா? முழுவதும் கேட்டாள்.

"மூணாவது தப்பு சார்," என்றாள். "அன்னிக்கு வூட்டுக்குப் போவசொல்ல ஷேர் ஆட்டோல எஸ்தர் அக்கா என் கையப் புட்ச்சிக்கினு அழுதுச்சு. 'எடுத்துர்றோம்னு சொல்ல நாந்தான் வாயத் தொறந்தேன், சார் முந்திக்கினாரு. பழி அவருக்கு, நல்ல பேரு எனக்கா'ன்னுச்சு. எங்க மேடை கேக்கப் போனாலும் அக்காவுக்குக் கை நடுங்கும். ஃபைலு ஆடுனா தெரிஞ்சிடும்னுதான் உங்க கைல குடுக்கும்."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. அன்று ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் அவருடைய பயம் எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேனா என்பதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஃபைல்தான். உள்ளே அவர் கேட்ட கடிதம் இருக்கிறது. "தேவையானால், சில காட்சிகளைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று அவரைக் கேட்காமல் நான் சேர்த்திருந்த கடைசி வாக்கியத்தை நேற்று அடித்துவிட்டேன். வியாழக்கிழமை அந்தப் புது விழாக்குழுவைப் பார்க்கச் செல்வியும் நானும் போகிறோம். அன்று என் கையில் ஃபைல் ஆடினால் ஆடட்டும்.

மேலே உள்ள வரிசையில் மூன்றாவது தவறு. அடிக்காமல் விட்டிருக்கிறேன், படிப்பவர் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எஸ்தரும் அஞ்சியவர்தான்.