எந்த மொழி அயோ?

பிஸ்கட் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் ரெட்டை நாக்கு. வஞ்சகம் எதுவும் கிடையாது, அந்த மனிதருக்கு ஒரு பொய்கூட உருப்படியாகச் சொல்ல வராது. அடுப்புப் பிரிவில் தட்டுகளைத் தள்ளிக்கொண்டே ஜாவா மொழியையும் மொஸி மொழியையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார், அதற்காகக் கிடைத்த பட்டம். ஒன்று கிழக்கே தீவில் பேசுவது. இன்னொன்று ஆப்பிரிக்காவில், கடலே எட்டிப் பார்க்காத ஊர்களில் பேசுவது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று அவரைக் கட்டிக்கொண்ட தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அடித்துக்கொண்டாள்.

இந்த மொழிப் பைத்தியம் பிடித்தது கல்யாணத்துக்கு முன்னால். தொழிற்சாலை விடுதியில் ஒரே அறையில் மூன்று கட்டில்: ஒன்றில் ஜாவாக்காரர், ஒன்றில் மொஸிக்காரர், நடுவில் இவர். ஒரு காலையில் வேலைக்குப் போகும் பஸ் கிளம்புகிறது. ஜாவாக்காரர் படியில் தொங்கிக்கொண்டு "அயோ, அயோ!" என்று கத்துகிறார். அவர் மொழியில் அதற்கு "வாங்கடா, போகலாம்" என்று அர்த்தம். மொஸிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார், ஏனென்றால் அவர் மொழியில் அயோ என்றால் "இல்லை, வேண்டாம்". நம்ம ஆளுக்கோ யாரோ காலை நசுக்கிக்கொண்டு ஐயோ என்று அலறுவதாகக் கேட்டது. முதலுதவிப் பெட்டியை எடுக்க மாடிக்கு ஓடினார். பஸ் போய்விட்டது. இவர்களுக்காகக் குதித்து இறங்கிய ஜாவாக்காரரும் சேர்ந்து மூன்று பேரும் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

பிறகு அந்த இருவரும் அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். மொழிகள் மட்டும் இவரிடம் தங்கிவிட்டன. வீட்டுக்கு வந்த விருந்தாளி எவரும் பஸ் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. மகள்கூட மழுப்பலாகப் பதில் சொல்கிறவர்களிடம் "இது எந்த மொழி அயோ?" என்று கேட்டு வளர்ந்தாள்.

"ஜாவாவுல யாருகிட்ட, யாரைப் பத்திப் பேசறோம்கறதுதான் முக்கியம்" என்பார் தையல்காரியிடம். "உங்கம்மா தூங்கினா 'சாரே'. நம்ம பொண்ணு தூங்கினா 'துரு'."

"நான் தூங்கினா?"

"நீ எங்க தூங்கற? எப்பப் பாரு மிஷின்தான். ஆனா ஒண்ணு, அயோங்கறதெல்லாம் வீட்டு ஆளுங்ககிட்டதான். பெரியவங்களை அப்படிக் கூப்பிட்டா மானம் போயிடும். 'மொங்கோ'ன்னு சொல்லணும்."

"மாங்கா கேட்டீங்களோன்னு நெனச்சேன்."

"சிரி, சிரி. மொஸி வேற மாதிரி. அதுல குரல் ஏறி எறங்கறதுலதான் உசுரே. ராகம் தப்பினா பேச்சே மாறிடும்."

"சரி, ரெண்டும் எங்கயாவது ஒட்டுதா?"

"ஒரு எடத்துலயாவது ஒட்டாமலா போயிடும்?"

பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. டாக்டர் சொன்னார்: நாம் சொல்வது அவருக்குப் புரியும், பதில் சொல்லத்தான் வராது. சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும். இவருக்கு மிஞ்சியது அயோ. தண்ணீர் வேண்டுமென்றாலும் அயோ, மகளைக் கண்டாலும் அயோ. பக்கத்து வீட்டார் "பாவம், வலிக்குது போல" என்று உச்சுக்கொட்டினார்கள். அவர்களைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது தையல்காரிக்கு.

தனியாளாகத் தூக்கினாள், குளிப்பாட்டினாள். ஒரு கையால் பொத்தான் போட முடியாதே என்று அவர் சட்டைகளுக்கெல்லாம் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தாள். கடைசியில் குளியலறையில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அவள் மணிக்கட்டு முறிந்தது.

"நீயும் படுத்துட்டா நான் யாரைம்மா பாக்கறது?" என்றாள் மகள். "முதியோர் இல்லத்துல சேத்துடலாம்."

"அவரைக் கேக்காம அனுப்ப மாட்டேன். புத்தி தெளிவாத்தான் இருக்கு. வரேன்னா சரி, மாட்டேன்னா இங்கயேதான்."

மகள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பா, அங்க போலாமாப்பா?"

"அயோ."

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "எந்த அயோம்மா?" இந்த முறை அது கேலி இல்லை.

தையல்காரி அதையே மறுபடி கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மறுபடியும் அயோ. மொஸிக்காரர் அயோவா என்று ராகத்தை வைத்துப் பார்க்கலாமென்றால், அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தட்டையாக இருந்தது.

அடுத்த நாள் இல்லத்து நிர்வாகி வந்தார், தலை முழுக்க நரைத்த பெரியவர். குனிந்து, "எங்ககிட்ட வர்றீங்களா ஐயா?" என்று கேட்டார்.

"அயோ."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. வயதில் மூத்தவரிடம், அதுவும் முன்பின் தெரியாதவரிடம், இவர் ஜாவா அயோ சொல்லவே மாட்டார். அப்படியானால் இது வேண்டாம் என்கிற அயோ. பிறகு தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினாள்: இருப்பதே ஒரு சொல், மனிதர் மரியாதைக்கு எங்கே போவார்? வாதத்தில் அவளே ஜெயித்தாள். நம்பத்தான் முடியவில்லை. மாவுக்கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது.

"ஜாவா அயோதான்" என்றாள் மகளிடம். "வரேங்கறாரு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்துச் சொல்ல நினைத்திருந்தாலும் அவரிடம் இருந்தது அதே சொல்தான்.

இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். அலமாரியில் சட்டைகளை அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். மகள் வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக் கூப்பிட்டாள். இதற்குமேல் அடுக்க எதுவும் இல்லை.

"நான் போயிட்டு வரட்டுமாங்க?"

இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "அயோ" என்றார்.

வா, போகலாம் என்று வைத்தாலும் பொருந்தியது. வேண்டாம், போகாதே என்று வைத்தாலும் பொருந்தியது. நம்ம ஐயோவும் பொருந்தியது.

"ஒட்டிடுச்சுங்க" என்றாள் அழுதுகொண்டே. "ரெண்டும் ஒட்டிடுச்சு." பிறகு நல்ல கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.