மேற்கே போன படகு

அப்போது நாங்கள் அமீரகத்தில், புஜைராவில், துறைமுகம் தெரியும் ஒரு கட்டிடத்தில் குடியிருந்தோம். பள்ளி விடுமுறை, வெளியே கால் வைக்க முடியாத வெயில். மாமா துபாயில் பழசாக வாங்கித் தந்த வீடியோ கேமை ஏசி அறையில் நாளெல்லாம் ஆடிக்கொண்டிருப்பேன். அதில் ஓர் இளவரசன் படகேறிக் கிழக்கே போய்ப் பூதங்களை வெல்ல வேண்டும். எனக்குப் பூதங்கள் மேல் அக்கறை இல்லை. படகை மேற்கே திருப்பிவிடுவேன். கரையே வராது. நீலக் கடல் மெல்ல மஞ்சளாகும், பிறகு ஊதாவாகும். என்றாவது ஒரு நாள் கரை வரும் என்று போய்க்கொண்டே இருப்பேன்.

“கொல்லவும் மாட்டேங்குறா, சாகவும் மாட்டேங்குறா. இது என்ன வெளயாட்டு?” என்பாள் உம்மா.

வாப்பாவுக்கு எண்ணெய்க் கிடங்கில் வேலை. ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “புள்ள, நீ ஆடுற கேம செஞ்ச ஜப்பான்காரரு எங்க சைட்லதான் டூட்டி பாக்குறாரு! டீ குடிக்கையில பேச்சு வந்துச்சு.”

நான் நம்பவில்லை. அந்த நீலக் கடலைச் செய்தவருக்கு எண்ணெய்த் தொட்டிகளிடம் என்ன வேலை?

வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு வாப்பா அவரையே அழைத்து வந்துவிட்டார். நரைத்த தலை, தாழ்ந்த குரல். இளம் வயதில் ஒரு சின்னக் கம்பெனியில், மேசைக்கு அடியிலேயே தூங்கி எழுந்து புரோகிராம் எழுதினாராம். அந்த கேமில் கடல் மட்டும்தான் அவர் பங்கு. பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். கேம் எழுதும் வேலை அப்புறம் அமையவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, வாப்பா உம்மாவுக்குத் தமிழில் சொன்னார்.

மேற்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

சோறெடுத்த அவர் கை தட்டிலேயே நின்றது. அங்கே போனாயா என்று கேட்டார். தினமும் போகிறேன் என்றேன். ஒரு தீவு வைக்க நினைத்தாராம். அந்தப் பக்கம் யார் போகப்போகிறார்கள், விடு என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

எனக்கு அழுகை முட்டியது. விடுமுறை முழுக்க ஒன்றுமே இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்!

அவர் கை கழுவி வந்து, எனக்குக் காட்டு என்று பக்கத்தில் தரையில் அமர்ந்தார். படகை விட்டேன். மஞ்சள் வந்தது. ஊதா வந்தது.

“டீ ஆறுது, அவருட்ட சொல்லுங்க” என்றாள் உம்மா. பேசாதே என்று வாப்பா வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

நீங்கள் செய்ததுதானே, பார்த்ததில்லையா என்று கேட்டேன். செய்யும்போது இவ்வளவு தூரம் போக நேரமே இருந்ததில்லை என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதும், ஏசிக் குளிரில் ஆவி படிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.