மிண்டா அக்காவின் துண்டுச் சீட்டு

கலங்கரை விளக்க வாரியத்தின் பட்ஜெட் அலுவலர் லுஸ்விமிண்டா டிமாகுலங்கான் எங்கள் கீழவையில் பத்தொன்பது வருடம் பேசியிருக்கிறார். அவைக் குறிப்பில் அவர் பெயர் ஒரு பக்கத்தில்கூடக் கிடையாது. அந்த அவையில் சுருக்கெழுத்து எழுதுகிறவள் நான். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் வழக்கம் அப்படி. செப்டம்பரில் பட்ஜெட் விவாதம் தொடங்கிவிட்டால் எந்த அதிகாரியும் அவைக்குள் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பாளராக எழுந்து நிற்பார். மற்ற உறுப்பினர்கள் கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். பாதி நேரம் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி துண்டுச் சீட்டில் பதிலை எழுதி நீட்டுவார், இவர் கம்பீரமாக வாசிப்பார். நாட்டின் பணம் இப்படித்தான் பங்கு பிரிகிறது.

மிண்டா அக்காவின் சீட்டு தனி ரகம். கொட்டை எழுத்து, குட்டி வாக்கியம், மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. வாரியத்தின் பொறுப்பாளர் லக்சமானா ஆறு வருடமாக அதைத்தான் நம்பிப் பிழைத்தார். முதலில் வாசிப்பார், பிறகுதான் என்ன வாசித்தோம் என்று யோசிப்பார். ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டபோது அக்கா எழுதிக் கொடுத்த "கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்" என்பதையும் சேர்த்து வாசித்தார். நானும் கடமை தவறாமல் எழுதிக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு தீராத குறை, படகு. வாரியத்துக்குத் தீவுகளில் மூன்று விளக்குகள் உண்டு, சொந்தப் படகு ஒன்றுகூடக் கிடையாது. அரிசியோ பேட்டரியோ போக வேண்டுமென்றால் மீனவர்களைக் கெஞ்ச வேண்டும். முந்தின வருடம் சலிமாங் தீவில் காவலர் கிரிஸ்புலோ படியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். எதிர்க்கரையில் அது திருவிழா வாரம். பன்றி வறுவலை விட்டுவிட்டு எவன் படகெடுப்பான்? மனிதர் நாலு நாள் அங்கேயே கிடந்தார். ரேடியோவில் அவருக்குப் பேச்சுத் துணையாக இருந்தது அக்காதான்.

"படகு வருதாக்கா?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துரும்பா."

"ஏழு வருஷமா இதையேதான் சொல்றீங்க. கால் ஒடிஞ்சு கெடக்கறவன்கிட்டயும் இதேதானா?"

கால் கோணலாகக் கூடியது. அந்தக் கேள்வி மட்டும் அக்காவுக்குள் தைத்துக்கொண்டு நின்றது. வருகிற ஜனவரியில் அவருக்கு ஓய்வு, ஆகவே இதுதான் அவருடைய கடைசி பட்ஜெட். அதிலும் அரசு அனுப்பிய மசோதாவில் படகை வெட்டிவிட்டிருந்தார்கள்.

ஒரே வழி பாக்கி இருந்தது. யாராவது ஓர் உறுப்பினர் அவையில் படகைப் பற்றிக் கேட்க வேண்டும், பொறுப்பாளர் சேர்ப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பில் ஏறிவிட்டால் திருத்தத்தின்போது நுழைத்துவிடலாம். மொத்தத் தொகையைக் கூட்ட அவைக்கு அதிகாரமில்லை என்பதால் வேறெங்காவது கிள்ளியும் எடுக்க வேண்டும். மற்ற அலுவலகத்துக்காரர்கள் கேள்வியே வரக் கூடாதென்று மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அக்கா ஒரு கேள்விக்காக அலைந்தார். தீவுத் தொகுதி உறுப்பினர் மக்பன்டாயிடம் மூன்று முறை போனார், மூன்று முறையும் ஒரு தட்டுப் புட்டோவோடு.

"கேக்கறேன்க்கா, இது என் தொகுதி மானப் பிரச்சினை," என்றார் மக்பன்டாய், வாய் நிறைய அரிசிப் பணியாரத்தோடு.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து காத்திருப்பு அறையில் ஆறிப்போன பான்சிட் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்த வாரியத்துக்காரர்களை மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். அக்காவும் அவருடைய இயக்குநரும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். லக்சமானா எழுந்தார், பாரோங் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"அவைத்தலைவரே, எனக்குப் பின்னாடி இருக்கற அக்காவுக்கு இதுதான் கடைசி பட்ஜெட். அவங்களுக்கு மரியாதையா, ஒரு கேள்வியும் கேக்காம இந்த வாரியத்தோட விவாதத்த முடிச்சிரலாம்னு கேட்டுக்கறேன்."

அவையே எழுந்து கைதட்டியது. மரியாதை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் யாரும் அதைக் குலைக்க மாட்டார்கள், அதுவும் எங்கள் வழக்கம். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது மக்பன்டாய்தான். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நல்லது செய்கிறோம் என்று ஆளைக் குழியில் தள்ளிவிட்டு, மேலே நின்று கைதட்டுகிறார்கள்!

அவைத்தலைவர் சுத்தியலைத் தூக்கினார். அக்கா குனிந்து கிறுக்கினார். சீட்டு நீண்டது. லக்சமானாவின் கை பழக்கதோஷத்தில் அதை வாங்கிக்கொண்டது.

"அவைத்தலைவரே, முடிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இந்த வாரியத்துக்கு ஏன் ஒரு படகுகூட இல்லை?"

கைதட்டல் நின்றது. "யாரு யாரக் கேக்கறீங்க?" என்றார் அவைத்தலைவர்.

அடுத்த சீட்டு வந்தது. "நல்ல கேள்வி, அவைத்தலைவரே. மொத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. டகாய்டாய் மலை ஓட்டலில் நடக்கும் இயக்குநரின் பயிற்சி முகாமை நிறுத்தி அந்தப் பணத்தைத் தரலாம். திருத்தத்தில் சேர்க்கப் பொறுப்பாளராக ஒப்புக்கொள்கிறேன்."

அவை சிரிப்பில் அதிர்ந்தது. வாய் திறக்க முடியாத இயக்குநர் மட்டும் வெளிறிப்போனார். லக்சமானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்லத் திரும்பினார்.

"என்னக்கா, என் தலையிலயே கட்டிட்டீங்க!"

"வாசிச்சது நீங்கதானே சார்."

லக்சமானா 'திரும்பப் பெறுகிறேன்' என்று சொன்னால் போதும். எல்லாம் போய்விடும். அக்கா அடுத்த சீட்டை எழுதவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். அதற்குள் மக்பன்டாய் காது சிவக்க எழுந்தார்.

"அவைத்தலைவரே, அது நான் கேக்க வேண்டிய கேள்வி. மரியாதைன்னு சொன்னதும் சும்மா இருந்துட்டேன். இப்பக் கேக்கறேன்."

லக்சமானா சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "பதில் அதேதான், அவைத்தலைவரே. படகு தரோம்." ஆறு வருடத்தில் சீட்டில்லாமல் அவர் சொன்ன முதல் பதில் அது.

அதன் பிறகு மூன்றாம் வாசிப்பு, மேலவை, பிறகு இரண்டு அவைகளின் கூட்டுக் குழு. அந்த அறைக்குள் எத்தனையோ நல்ல காரியங்கள் போய்த் திரும்பாமலே இருந்திருக்கின்றன. படகு திரும்பி வந்தது, எஞ்சின் மட்டும் கொஞ்சம் இளைத்திருந்தது. டிசம்பர் கடைசியில் மசோதா கையெழுத்தானது.

அச்சான பட்ஜெட் புத்தகத்தோடு அக்கா என் அறைக்கு வந்தார். கிரிஸ்புலோ சிகிச்சைக்காகக் கரைக்கு வந்திருந்தார். அக்கா போன் போட்டார்.

"என்னக்கா, அடுத்த வருஷமா?"

"பேசாம கேளு." அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். "கலங்கரை விளக்க வாரியம். சலிமாங் உள்ளிட்ட மூன்று தீவுகளுக்கு, படகு, ஒன்று."

அந்தப் பக்கமிருந்து, "இன்னொரு தரம் வாசிங்கக்கா," என்று கேட்டது.

அக்கா புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அவரால் வாசிக்க முடியவில்லை. நான் வாசித்தேன்.