டார்ம்ஸ்டாட்டில் ரிதம் அண்ட் புளூஸ் விற்றேன்

இசைத்தட்டு விற்பவனுக்குக் காது நன்றாக இருந்தால் போதாது, வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். எனக்கு அது வரவில்லை. அறுபதுகளில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டே, பிற்பகல்களில் ஒரு இசைத்தட்டுக் கடையில் நின்றேன். அமெரிக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகள் என் பொறுப்பு. கவுண்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

கெட்டுப்போன கால்

கோட்டும் தொப்பியுமாக ஒரு தகப்பனார் வந்தார். மகள் வாங்கிய தட்டைக் கவுண்டரில் போட்டு, "இது காட்டுக் கூச்சல், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கீறல் இருக்கிறதா என்று பார்க்க ஓட விட்டேன். அவர் வாய் திட்டிக்கொண்டிருக்க, வலது கால் தரையில் தாளம் போட்டது. நான் காலையே பார்த்தேன். அவரும் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் வீட்டில் என்ன பாடு பட்டாளோ என்று எரிச்சல்தான் வந்தது.

"பார்த்தீர்களா, என்னையே ஆட்டுகிறது. இதைத் தடை செய்யாமல் என்ன செய்வது?" என்றார் அவர்.

ஹெட்போன்

யூர்கன் என்றொரு மாணவன் வாரம் தவறாமல் வருவான். வாங்குமுன் கேட்டுப் பார்க்கக் கடையில் வைத்திருந்த ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினால், சில பாட்டுகளுக்குக் கண்ணீரே விடுவான். ஒரு நாள் பக்கத்து அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து ஒரு கறுப்பினச் சிப்பாய் வந்து, அதே ஹெட்போனில் ஒரு பாட்டுக் கேட்டார். அடுத்தது யூர்கன். கைக்குட்டையை எடுத்து ஹெட்போனை அழுத்தி அழுத்தித் துடைத்தான். சிப்பாய் அதைப் பார்த்தார். வாங்க எடுத்த தட்டை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் யூர்கனிடம் திரும்பினேன். "உருகி உருகிக் கேட்கிறாயே, பாடுகிறவர்கள் யார் என்று நினைத்தாய்?" என்றேன்.

"பாட்டு பாட்டுதான். அதற்காக ஆளையும் சேர்த்தா வாங்க முடியும்?"

முதலாளியம்மா

யூர்கன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, வெளியே போகச் சொன்னேன். கடை அடைத்ததும் முதலாளியம்மா கூப்பிட்டார். கடையில் ஆள் இல்லாதபோது அந்தத் தட்டுகளைப் போட்டுத் தனியாக ஆடுகிறவர் அவர். என் பக்கம் நிற்பார் என்று நம்பினேன். யூர்கனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "சிப்பாயிடம் யார் கேட்பது?" என்றேன்.

"நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தப் பையன் வாராவாரம் வருகிறவன். சிப்பாய் நாளைக்கே மாற்றலாகிப் போய்விடுவார்."

அந்த நிமிஷமே வேலையை உதறிவிட்டு வந்த நான், அடுத்த வாரம் அதே கவுண்டருக்கு முன்னால் வாடிக்கையாளனாகப் போய் நின்றேன், அந்தத் தட்டுகள் ஊரில் வேறெங்கும் கிடைக்காது என்பதால்.