கத்தி எடுத்தால் குதிகால் கீழே

கத்தரி காதோரம் ஓடத் தொடங்கியதும் முடிதிருத்துபவரின் குதிகால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிடும். நாற்காலியில் இருப்பவருக்கு எதிர்க் கண்ணாடியில் தெரிவதெல்லாம், தன் தலைக்கு மேலே இன்னொரு தலை மெதுவாக ஏறுவதும் இறங்குவதும்தான். புதிதாக வருபவர்கள் கொஞ்சம் மிரளுவார்கள். "பயப்படாதீங்க, மேல போயிட்டு உடனே வந்துடுவேன்," என்பார். தெருவில் அவருக்கு 'லிஃப்ட்' என்றுதான் பெயர்.

சவரக்கத்தியைக் கையில் எடுத்தால் மட்டும் லிஃப்ட் நின்றுவிடும். இரண்டு காலும் தரையில் அழுந்தியிருக்கும். அது வீட்டம்மா போட்ட சட்டம்.

வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஊதிய விசிலுக்கு ஊரில் பாதிப் பெண்கள் ஓடியிருக்கிறார்கள். கட்டிய கணவர் மட்டும் அப்போதெல்லாம் அசைந்து கொடுத்ததில்லை. "காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கேன் டீச்சர். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்பது அவர் வாதம். அறுபதைத் தாண்டியதும், வயதானால் வாயைக் கட்ட வேண்டும் என்ற ஞானம் வேறு வந்து சேர்ந்தது. மதியத்துக்கு ஒரு டீ, ஒரு பன், அவ்வளவுதான். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டேன்ல?" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். கரைந்தது தொப்பை மட்டுமல்ல, தொடையும்தான். நாள் முழுவதும் கண்ணாடி முன்னால் நிற்கிறவருக்கு அதில் இடுப்புக்குக் கீழே தெரிவதில்லை, பாவம்.

ஒருநாள், ஒருவர் தாடையில் கத்தி வைத்திருக்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது. நல்லவேளை, கத்தியை அந்தப் பக்கம் வீசிவிட்டார். வாடிக்கையாளருக்கு ஒரு கீறல்கூட இல்லை; இவர்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்மூடி அரைத்தூக்கத்தில் இருந்த அந்த மனிதர், "என்னண்ணே, கீழ எதையாவது தேடுறீங்களா?" என்று கேட்டார். முடிதிருத்துபவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அந்த மனிதரின் தோளைப் பிடித்து எழுந்து, மீதித் தாடியைப் பக்கத்துத் தெருக் கடைக்கு அனுப்பிவைத்தார்.

"கடைய மூடிடலாம்னு பாக்குறேன்," என்றார் வீட்டுக்கு வந்து.

"மூடுறது அப்புறம். கைய ஊணாம அந்தச் சேர்லேர்ந்து எந்திரிங்க பாப்போம்."

முடியவில்லை. டீச்சர் திட்டவில்லை. உள்ளே போய் விசிலை எடுத்து வந்தார்.

கடையைவிட அவரை அதிகம் சுட்டது வேறொன்று. டீச்சருக்கு இடுப்பில் பழைய அடி. குனிந்து ஷூ லேஸ் கட்ட வராது. இத்தனை வருடமும் கீழே உட்கார்ந்து கட்டிவிட்டவர் இவர்தான். இனி இவர் கீழே உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்ததும், டீச்சர் ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். மைதானத்துக்கு நடக்கப் போவதும் நின்றது. "செருப்பே சவுகரியமா இருக்குங்க" என்றார். சவுகரியமாம்.

அதன் பிறகு முடிதிருத்துபவர் ஆளே மாறிவிட்டார். மதிய டப்பாவில் அவித்த முட்டை, வேகவைத்த பயறு, தயிர். "சுவர் இருந்தாத்தானே சித்திரம்? வெறும் டீயும் பன்னும் சாப்பிட்டா தொடைக்குச் சதை எங்கேர்ந்து வரும்?" என்பது டீச்சர் பாடம். ஆள் இல்லாத நேரத்தில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுவார். வாசலில் வருபவர்கள் தங்களுக்குத்தான் மரியாதை என்று நினைத்து, "இருக்கட்டும், உக்காருங்க" என்பார்கள். அவரும் உட்காருவார், மறுபடி எழுவார். கடைக்கு வேண்டிய தண்ணீரை இரண்டு கையிலும் கேன் பிடித்து அவரே சுமந்து வருவார். கத்தரி ஓடும்போது குதிகால் ஏறி இறங்குவதும் டீச்சர் கொடுத்த பயிற்சிதான். ஒற்றைக் காலில் ஆடாமல் நின்று காட்டிய பிறகுதான் டீச்சர் அவரைச் சவரக்கத்தியைத் தொட விட்டார்.

"இந்தக் கால் ரெண்டும் டீச்சரோடது. நான் சும்மா வாடகைக்கு நிக்கிறேன்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் மனசார நன்றியோடு சொல்கிறார் என்பது கேட்கிறவர்களுக்குப் புரியும்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் டீச்சர் வருவார், கால்களில் ஷூ, லேஸ் இரண்டும் அவிழ்ந்தபடி. மைதானத்துக்குப் போகிற வழியில் கடை. முடிதிருத்துபவர் நாற்காலியைத் துடைத்து டீச்சரை உட்கார வைத்து, தரையில் முழங்காலிட்டு, அவிழாதபடி இரட்டை முடிச்சுப் போடுவார். முடித்ததும் டீச்சரின் கை பழக்கதோஷத்தில் தூக்கிவிட நீளும். அதைப் பார்க்காதவர்போல் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலை ஊன்றி எழுந்து நிற்பார். நின்ற பிறகுதான் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார்.